பவுடர் ஸ்னோவைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்: யார் இந்த உகிசிரோ நகாயா?

ஜப்பானின் வடக்குத் தீவு ஹொக்கைடோ. அங்கே காமிஃபுரானோ என்ற சிற்றூரிலிருந்து மலைப்பாதையில் ஏறினால், டோகாச்சி மலைச் சரிவில் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் ஹகுகின்சோ என்ற தங்குமிடம் வரும். கேபிள் கார் கிடையாது. லிஃப்ட் கிடையாது. ஒலிபெருக்கிப் பாட்டு கிடையாது. ஒரு வெந்நீர் ஊற்று, சுற்றிலும் காடு, அதன் மேல் பனி. அவ்வளவுதான்.

பெரிய ரிசார்ட்டுகளின் கூட்டம் வேண்டாம் என்று நினைக்கும் பனிச்சறுக்குப் பிரியர்கள் இங்கே வருகிறார்கள். லிஃப்ட் இல்லாததால், பனிச்சறுக்குக் கட்டையின் அடியில் வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு நடந்தே மலையேறுகிறார்கள். பிறகு முழங்கால் புதையும் மென்பனியில் சறுக்கி இறங்குகிறார்கள். உலகம் முழுக்க பவுடர் ஸ்னோ என்று பேசப்படுகிற பனி இதுதான்.

90 ஆண்டுகளுக்கு முன்பு, 33 வயது இயற்பியல் பேராசிரியர் ஒருவரும் இதே பனியைத் தேடி இங்கே வந்தார். ஆனால், சறுக்குவதற்காக அல்ல. அவர் கொண்டுவந்தது ஒரு மைக்ரோஸ்கோப்பும் கேமராவும். அவர் பெயர் உகிசிரோ நகாயா. உலகிலேயே முதன்முதலாக ஆய்வுக்கூடத்தில் பனிப்படிகத்தை உருவாக்கிக் காட்டியவர். அந்த மலையில் விழும் பனி ஏன் இவ்வளவு மென்மையாக இருக்கிறது என்பதை இன்று விளக்க முடிவதற்குப் பெரிய காரணம் அவர்தான்.

பவுடர் ஸ்னோ என்றால் என்ன?

முதலில் இதைத் தெரிந்துகொள்வோம். பனி என்றால் எல்லாப் பனியும் ஒன்றுதானே என்று தோன்றலாம். கிடையாது. கையில் பிடித்து உருண்டையாக அமுக்க முடிகிற ஈரப் பனி ஒரு வகை. ஊதினால் கோலமாவுபோலப் பறந்துவிடுகிற உலர்ந்த பனி இன்னொரு வகை. இந்த இரண்டாவதுதான் பவுடர் ஸ்னோ. மிக இலேசான புதுப் பனியில் ஒரு கன மீட்டருக்கு சுமார் 50 கிலோ எடைதான் இருக்கும். அதாவது, 20 பங்கில் 19 பங்கு வெறும் காற்று!

குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து உறைய வைக்கும் உலர்காற்று கிளம்புகிறது. வழியில் ஜப்பான் கடல் குறுக்கிடுகிறது. அந்தக் கடல்நீர் காற்றைவிட மிகவும் வெதுவெதுப்பானது. அதிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொள்ளும் காற்று, ஜப்பானின் மலைகளில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போது இன்னும் குளிர்ந்து, பனியாகக் கொட்டுகிறது. சப்போரோ நகரத்தில் மட்டும் ஒரு பருவத்துக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட 5 மீட்டர் பனி விழுகிறது.

ஆனால், ஈரமும் குளிரும் சேர்ந்தால் பனி வரும் என்பது பாதி விடைதான். எந்தக் குளிரில், எவ்வளவு ஈரத்தில், எந்த வடிவப் பனி பிறக்கும்? இந்தக் கேள்விக்கு 1930-களின் தொடக்கம்வரை யாரிடமும் பதில் இல்லை.

வெந்நீர் ஊற்று ஊரில் பிறந்தவர்

நகாயா பிறந்தது 1900-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி. ஊர், இஷிகாவா மாகாணத்தில் உள்ள கட்டயமாசு. ஜப்பான் கடலோரப் பகுதி. வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர். குளிர்காலத்தில் கனமான ஈரப் பனி விழும் பகுதியும்கூட.

கனசாவா நகரில் உயர்நிலைக் கல்வி முடித்து, டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சேர்ந்தார். அவர் மாணவராக இருந்தபோதுதான், 1923 செப்டம்பரில், கான்டோ பெருநிலநடுக்கம் டோக்கியோவைப் பொசுக்கிப்போட்டது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கிடைத்த ஆசிரியர் டெராடா டோராஹிகோ. இவர் வித்தியாசமான மனிதர். இயற்பியலாளர், அதே சமயம் ஜப்பானில் பெயர்பெற்ற கட்டுரையாளர். நாவலாசிரியர் நட்சுமே சோசெகியின் சீடர். கண்ணாடி விரிசல் எப்படி ஓடுகிறது, சர்க்கரை மிட்டாயில் கொம்புகள் எப்படி முளைக்கின்றன என்று அன்றாடம் கண்ணில் படுகிறவற்றிலேயே இயற்பியலைத் தேடியவர். பெரிய கருவி இருந்தால்தான் பெரிய கேள்வி கேட்க முடியும் என்பதை அவர் ஏற்கவில்லை.

கோட்பாட்டு இயற்பியல் பக்கம் போக நினைத்திருந்த நகாயா, டெராடாவைப் பார்த்து சோதனை இயற்பியலுக்கு மாறினார். 1925-இல் பட்டம் பெற்றதும் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் அவருக்கே உதவியாளராகச் சேர்ந்தார். அப்போது அவர் ஆராய்ந்தது பனியை அல்ல, மின்பொறிகளை.

லண்டனிலிருந்து சப்போரோவுக்கு

1928-இல் மேற்படிப்புக்காக லண்டன் போனார் நகாயா. கிங்ஸ் கல்லூரியில் ஓவன் ரிச்சர்ட்சனின் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்-கதிர் ஆராய்ச்சி. அந்த ஆண்டுக்கான நோபல் பரிசு ரிச்சர்ட்சனுக்குத்தான் கிடைத்தது. உலக இயற்பியலின் மையத்தில் உட்கார்ந்திருந்தார் நகாயா.

1930-இல் நிலைமை தலைகீழ். சப்போரோவில் ஹொக்கைடோ இம்பீரியல் பல்கலைக்கழகம் புதிதாக அறிவியல் பிரிவைத் தொடங்கியது. அங்கே வேலை கிடைத்தது. புதுத் துறை, வசதி குறைவு. லண்டனில் செய்த எக்ஸ்-கதிர் ஆராய்ச்சியை அதே தரத்தில் இங்கே தொடர வேண்டுமென்றால் பணமும் கருவிகளும் வேண்டும். அது இல்லை.

இந்த இடத்தில் இரண்டு வழிகள்தான். ஒன்று, ஐரோப்பாவில் நடக்கிற ஆராய்ச்சியின் சின்ன நகலை, குறைந்த வசதியோடு செய்து பின்னாடியே ஓடுவது. இன்னொன்று, லண்டனில் இல்லாதது இங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. நகாயா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பனி. ஆண்டுக்கு நான்கைந்து மாதம், காசு செலவில்லாமல், வேண்டிய அளவுக்குக் கொட்டிக்கொண்டே இருந்தது.

அழகில்லாத பனியையும் படம் எடுத்தவர்

பனிப்படிகத்தின் அழகைக் கண்டு வியந்தவர்கள் நகாயாவுக்கு முன்பும் இருந்தார்கள். ஜப்பானிலேயே டோய் டோஷிட்சுரா என்ற சிற்றரசர், மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்து வரைந்த 86 பனிப்படிக ஓவியங்களை 1832-இல் நூலாக வெளியிட்டார். அந்த வடிவங்கள் கிமோனோ துணியிலும் பாத்திரத்திலும் அலங்காரமாகப் பரவின.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி வாழ்நாள் முழுவதும் பனிப்படிகங்களைப் படமெடுத்தார். 2,400-க்கும் மேற்பட்ட படங்களோடு அவருடைய புத்தகம் 1931-இல் வந்தது. நகாயாவுக்குத் தூண்டுதலாக இருந்தது இந்தப் புத்தகம்தான்.

ஆனால், அதில் ஒரு குறையை நகாயா கவனித்தார். பென்ட்லி படமெடுத்தவற்றில் பெரும்பாலும் அழகான, சமச்சீரான ஆறுமுனைப் படிகங்கள். உண்மையில் வானத்திலிருந்து விழுவது அப்படியா இருக்கிறது? ஒரு கை உடைந்தது, ஒரு பக்கம் கோணியது, ஊசிபோல நீண்டது, சட்டை பொத்தான்போல இரு தட்டுகள் ஒட்டியது, எந்த ஒழுங்கும் இல்லாமல் கொத்தாக விழுவது... இவைதான் அதிகம். அழகானதை மட்டும் எடுத்தால் ஆல்பம் கிடைக்கும். விழுவதையெல்லாம் எடுத்து, விழுந்த நேரத்தின் வெப்பநிலையையும் குறித்தால்தான் அறிவியல் கிடைக்கும்.

1932 குளிர்காலத்தில் வேலை தொடங்கியது. இடம், பல்கலைக்கழகக் கட்டிடத்தில் சூடேற்றப்படாத ஒரு நடைகூடம். மைக்ரோஸ்கோப்பும் கண்ணாடித் தகடும் முன்கூட்டியே வெளிக்குளிரில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் படிகம் தொட்டவுடன் உருகிவிடும். தகட்டில் விழுந்த படிகத்தை ஒரு மெல்லிய குச்சி முனையால் தொட்டு எடுத்து, லென்ஸுக்கு அடியில் வைக்க வேண்டும். மூச்சுக்காற்று பட்டாலே போச்சு.

டோகாச்சி மலைக் குடில்

சப்போரோவின் பனி போதவில்லை. இன்னும் குளிரான, காற்று அமைதியான, படிகம் உடையாமல் இறங்கும் இடம் வேண்டும். 1933-34 குளிர்காலத்தில் நகாயாவும் மாணவர்களும் டோகாச்சி மலைக்குப் போனார்கள். குதிரை இழுக்கும் சறுக்கு வண்டியில் கருவிகளை ஏற்றிக்கொண்டு ஹகுகின்சோ குடிலை அடைந்தார்கள்.

அந்த மலை சாதாரண மலை அல்ல. உயிருள்ள எரிமலை. 1926 மே மாதம் அது வெடித்தபோது, உருகிய பனியும் சேறும் அடிவாரத்துக்குப் பாய்ந்து 144 பேரைப் பலிவாங்கியது. அது நடந்து எட்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

குடிலில் மைனஸ் 10 முதல் மைனஸ் 15 டிகிரி வரை குளிர். ஆனால், அந்தக் குளிரில்தான் படிகங்கள் கொஞ்சமும் சிதையாமல் விழுந்தன. மரங்கள் சூழ்ந்திருந்ததால் காற்றும் அடங்கியிருந்தது. உலகின் எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடைக்காத வசதி இது. அடுத்தடுத்த குளிர்காலங்களிலும் அங்கே போனார்கள். மொத்தம் 3,000-க்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. அவற்றை வைத்து நகாயா பனிப்படிகங்களை 7 பெரும்பிரிவுகளாகவும், அவற்றுக்குள் பல உட்பிரிவுகளாகவும் வகைப்படுத்தினார்.

இன்று பவுடர் ஸ்னோ தேடுபவர்கள் அதே மலைக்குப் போவது தற்செயல் இல்லை. கடலிலிருந்து உள்ளே தள்ளி, குளிர் அதிகமாக, காற்று குறைவாக இருக்கும் இடத்தில்தான் கிளைவிட்ட பனிநட்சத்திரங்கள் முழுசாகத் தரையிறங்கும். அவை ஒன்றின்மேல் ஒன்று விழும்போது கிளைகளுக்கு நடுவே காற்று சிக்கிக்கொள்கிறது. பஞ்சுபோன்ற மென்மை வருவது இதனால்தான்.

முயல் முடியில் பிறந்த பனி

வகைப்படுத்தியாயிற்று. அடுத்த கேள்வி கடினமானது. இந்த வடிவங்கள் ஏன் வருகின்றன? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, பனியை நாமே செய்து பார்ப்பது.

1935-இல் பல்கலைக்கழகத்தில் மைனஸ் 30 டிகிரி குளிரையும் தரக்கூடிய தாழ்வெப்ப அறை தயாரானது. அதற்குள் நகாயா ஓர் எளிய கருவியை அமைத்தார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குழாய்கள். அடியில் இலேசாகச் சூடாக்கப்பட்ட தண்ணீர். அதிலிருந்து ஆவி மேலே போய்க் குளிர்ந்து, மேலே தொங்கும் ஓர் இழையில் படிய வேண்டும்.

சிக்கலே அந்த இழையில்தான். மேகத்தில் பனிப்படிகம் மிதந்தபடி வளர்கிறது. ஆய்வுக்கூடத்தில் அதை எதிலாவது தொங்கவிட்டுத்தான் வளர்க்க முடியும். பருத்தி நூல், பட்டு இழை எனப் பலவற்றையும் போட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் இழை முழுக்க உறைபனி மொய்த்து, கம்பளிப்பூச்சிபோல ஆகிவிட்டது. தனிப் படிகம் வரவே இல்லை.

கடைசியில் கைகொடுத்தது முயல் முடி. அந்த முடியில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் உறைபனி முழுக்க ஒட்டுவதில்லை. ஆங்காங்கே இருக்கும் நுண்ணிய முடிச்சுகளில் மட்டும் படிகம் தொடங்கும். 1936 மார்ச் 12 அன்று, ஒரு முயல் முடியின் நுனியில் ஆறு கைகளோடு பனிப்படிகம் ஒன்று வளர்ந்து நின்றது. மனிதர் உருவாக்கிய முதல் பனிப்படிகம் அதுதான்.

அந்த வரைபடம் என்ன சொல்கிறது?

நகாயாவின் கையில் இப்போது இரண்டு திருகுகள் இருந்தன. ஒன்று காற்றின் குளிர். மற்றொன்று, அடியில் உள்ள தண்ணீரின் சூட்டைக் கூட்டிக் குறைத்து மாற்றக்கூடிய ஈரம். இரண்டையும் மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான முறை பனி வளர்த்தார். வந்த வடிவங்களையெல்லாம் ஒரே வரைபடத்தில் குறித்தார். இன்றும் வளிமண்டல அறிவியல் பாடங்களில் நகாயா வரைபடம் என்று சொல்லப்படுவது இதுதான்.

அதன் சாரம் எளிது. பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் மெல்லிய தகடுகள் வரும். மைனஸ் 5 டிகிரி வாக்கில் ஊசிகளும் தூண்களும். மைனஸ் 15 டிகிரி வாக்கில், ஈரமும் போதுமானதாக இருந்தால், கிறிஸ்துமஸ் அட்டைகளில் பார்க்கிற அதே கிளைவிட்ட நட்சத்திரம். ஈரம் குறைந்தால் அதே குளிரில் வெறும் அறுகோணத் தகடு. மைனஸ் 20-களுக்குக் கீழே மறுபடியும் தூண்கள்.

இதன் மறுபக்கம்தான் முக்கியம். எந்தச் சூழலில் எந்த வடிவம் வரும் என்று தெரிந்துவிட்டால், வடிவத்தைப் பார்த்தே சூழலைச் சொல்லிவிடலாம். உயரத்து மேகத்தில் எவ்வளவு குளிர், எவ்வளவு ஈரம் இருந்தது என்பதைக் கையுறையில் விழுந்த ஒரு துகள் சொல்லிவிடும். அதனால்தான் பனிப்படிகத்தை வானம் அனுப்பும் கடிதத்துக்கு ஒப்பிட்டார் நகாயா. ஜப்பானில் இந்த ஒப்புமை பள்ளிக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

குளிர் மாறினால் ஏன் வடிவம் இப்படி மாறி மாறி வருகிறது என்பதற்கான முழு விடையை இயற்பியலாளர்கள் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நகாயா கொடுத்தது அகராதி. அதன் இலக்கணம் இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.

அதே ஆண்டின் இன்னொரு பக்கம்

இவ்வளவு பெரிய வெற்றி கிடைத்த 1936, நகாயாவின் வாழ்க்கையில் மிக மோசமான ஆண்டாகவும் இருந்தது.

1935-இன் கடைசி நாளில் ஆசிரியர் டெராடா காலமானார். அன்றாடப் பொருளிலும் அறிவியல் இருக்கிறது என்று கற்றுக்கொடுத்தவர், அந்தப் பாடத்தின் மிகச் சிறந்த விளைவை இரண்டரை மாதத்தில் தவறவிட்டார். 1936-இலேயே நகாயாவின் தம்பி ஜியுஜிரோவும் இறந்துபோனார். ஜப்பானின் தொல்லியலில் நம்பிக்கைக்குரிய இளம் ஆய்வாளர் அவர். வயது 34 மட்டுமே.

அதோடு நிற்கவில்லை. நகாயாவே படுத்துவிட்டார். கல்லீரலைத் தாக்கும் ஒருவகைப் புழு நோய். ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டு, தெற்கே கடலோர வெந்நீர் ஊற்று நகரமான இட்டோவில் ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. அங்கே பனியே கிடையாது. சப்போரோவில் மாணவர்கள் சோதனையைத் தொடர்ந்தார்கள்.

குளிர் அறைக்குள் போக முடியாத அந்தக் காலத்தில் அவர் எழுதத் தொடங்கினார். 1938-இல் அவருடைய முதல் கட்டுரைத் தொகுப்பும், பனியைப் பற்றி எல்லோருக்கும் புரியும்படி எழுதிய யுகி என்ற சிறு நூலும் வெளிவந்தன. யுகி என்றால் ஜப்பானிய மொழியில் பனி. இந்தப் புத்தகம் சும்மா அழகைப் புகழ்ந்துகொண்டிருக்கவில்லை. பனிக்காலத்தில் வடக்கு ஊர்களின் வீடுகள் புதைவதையும், ரயில் நிற்பதையும் பேசிவிட்டுத்தான் படிகத்துக்கே வருகிறது. எட்டுப் பத்தாண்டுகள் கடந்தும் ஜப்பானில் வாசிக்கப்படுகிறது. நோயிலிருந்து மீண்டு வேலைக்குத் திரும்பிய நகாயாவுக்கு 1941-இல் ஜப்பான் அகாடமியின் பரிசு கிடைத்தது.

நிசெகோ உச்சியில் ஒரு போர் விமானம்

அதே ஆண்டு ஜப்பான் பெரும்போரில் இறங்கியது. பனியைப் பற்றித் தெரிந்தவர் ராணுவத்துக்குத் தேவைப்பட்டார்.

குளிர்ந்த மேகத்துக்குள் பறக்கும்போது விமானத்தின் இறக்கையிலும் விசிறியிலும் பனிக்கட்டி படிந்து, எடை கூடி, விமானம் கீழே விழும் ஆபத்து உண்டு. இதை ஆராய 1943 முதல் நகாயாவின் குழு 1,308 மீட்டர் உயரமுள்ள நிசெகோ அன்னுபுரி மலையின் உச்சியில் ஓர் ஆய்வு நிலையம் அமைத்து வேலை செய்தது. காற்றும் உறைமேகமும் ஓயாமல் மோதும் இடம் அது. நிஜமான ஜீரோ ரகப் போர் விமானம் ஒன்றையே உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

இன்று உலகின் பணக்காரச் சுற்றுலாப் பயணிகள் வரிசைகட்டி நிற்கும் அதே நிசெகோதான். போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்து, மலைச்சரிவில் அந்த விமானத்தின் இறக்கை கண்டெடுக்கப்பட்டது. அடிவாரத்தில் உள்ள குட்சான் ஊரின் அருங்காட்சியகத்தில் அது வைக்கப்பட்டிருக்கிறது. காசு இல்லாததால் பனியைத் தேர்ந்தெடுத்த ஆராய்ச்சி, வேண்டிய அளவுக்குப் பணம் கிடைத்தபோது போருக்குத்தான் போய்ச் சேர்ந்தது. நகாயாவின் வாழ்க்கையில் தவிர்த்துவிட முடியாத பக்கம் இது.

போருக்குப் பிறகு அதே அறிவை அவர் வேறு பக்கம் திருப்பினார். 1946-இல் விவசாயத்துக்கான இயற்பியல் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். டைசெட்சு மலைப்பகுதியில் பனியாகக் குவிந்திருக்கும் தண்ணீர் மொத்தம் எவ்வளவு என்று அளக்கும் வேலையிலும் இறங்கினார். அதுவரை தொல்லை என்று மட்டும் பார்க்கப்பட்ட பனி, வசந்தத்தில் உருகி வயலுக்கும் மின்நிலையத்துக்கும் போகவேண்டிய நீர்த்தேக்கமாகக் கணக்கில் வந்தது. குளிரில் நிலம் உப்பி ரயில் தண்டவாளம் மேலெழும்பும் சிக்கலையும் அவர் முன்பே ஆராய்ந்திருந்தார். மண்ணுக்குள் பனிக்கட்டி அடுக்கடுக்காக வளர்ந்து, கீழிருக்கும் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி மேலே தள்ளுவதுதான் காரணம்.

முட்டை நின்ற கதை

1947 பிப்ரவரியில் ஜப்பான் பத்திரிகைகளில் ஒரு செய்தி பரபரப்பானது. பழைய நாள்காட்டிப்படி வசந்தம் தொடங்கும் நாளில் மட்டும் கோழிமுட்டை செங்குத்தாக நிற்குமாம். பலர் நிற்க வைத்தும் காட்டினார்கள். படங்களும் வந்தன.

நகாயா ஒரு முட்டையை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தார். அந்த நாள் முடிந்த பிறகும் முட்டை நின்றது. வேகவைத்தாலும் நின்றது. ஓட்டின் மேற்பரப்பில் நுண்ணிய மேடுகள் உண்டு. அவற்றில் மூன்று, முக்காலியின் கால்கள்போலத் தாங்கினால் போதும். பொறுமையாக வைத்தால் எந்த நாளிலும் முட்டை நிற்கும்.

இதை வைத்து அவர் எழுதிய கட்டுரை ஜப்பானில் மிகப் பிரபலம். முட்டை ஏன் நிற்கிறது என்பதைவிட, இத்தனை நூற்றாண்டுகளாக முட்டை நிற்காது என்று எல்லோரும் நம்பியது ஏன் என்பதுதான் அவருக்கு ஆச்சரியம். யாரும் ஐந்து நிமிடம் ஒதுக்கி முயன்று பார்க்கவில்லை. அவ்வளவுதான் காரணம். கண்ணெதிரே கொட்டிக்கொண்டிருந்த பனியை அவர் எடுத்துப் பார்த்ததும் இதே குணத்தால்தான்.

கிரீன்லாந்து வரை...

1952-இல் அமெரிக்கா போன நகாயா, சிகாகோ அருகே இருந்த பனி, பனிக்கட்டி ஆய்வு நிலையத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்தார். அலாஸ்காவின் மெண்டன்ஹால் பனியாற்றிலிருந்து எடுத்த பெரிய ஒற்றைப் பனிக்கட்டிப் படிகங்களை ஆராய்ந்தார். 1954-இல் அவருடைய ஆங்கில நூலை ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. இயற்கைப் பனி, செயற்கைப் பனி இரண்டையும் ஒன்றாக விளக்கிய அந்த நூல்தான் அவரை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தது.

ஹவாய் தீவின் மவுனா லோவா மலையில்கூடப் பனியைத் தேடினார். 1957-க்கும் 1960-க்கும் இடையே கிரீன்லாந்தின் பனிப்பாளத்துக்கு மறுபடி மறுபடி போய், ஆழத்திலிருந்து எடுத்த பழைய பனிக்கட்டியின் இயல்புகளை ஆராய்ந்தார். தலையில் விழும் புதுப் பனியில் தொடங்கியவர், காலடியில் கிடக்கும் மிகப் பழைய பனிவரை போய்ச் சேர்ந்தார்.

1962 ஏப்ரல் 11-ஆம் தேதி புற்றுநோயால் டோக்கியோவில் காலமானார். வயது 61. அண்டார்க்டிகாவில் ஒரு தீவுக்கூட்டத்துக்கும், விண்வெளியில் ஒரு சிறுகோளுக்கும் அவர் பெயர் இருக்கிறது.

சொந்த ஊரான கட்டயமாசுவில் 1994-இல் அவருக்கு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கட்டிடக் கலைஞர் அராதா இசோசாகி வடிவமைத்த அறுகோணக் கூண்டுகள் கொண்ட கட்டிடம் அது. நடுமுற்றத்தில் கிரீன்லாந்திலிருந்து கொண்டுவந்த பாறைகள் கிடக்கின்றன. அவற்றின் இடையிலிருந்து செயற்கை மூடுபனி எழுகிறது. அதை அமைத்தவர் நகாயாவின் மகள் ஃபுஜிகோ. 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் மூடுபனியையே சிற்பமாக்கிப் புகழ்பெற்ற கலைஞர் அவர். அப்பா பனியை உண்டாக்கினார், மகள் மூடுபனியை.

போகிறவர்கள் என்ன பார்க்கலாம்?

ஜப்பானுக்குப் பவுடர் ஸ்னோவுக்காகப் போகும் திட்டம் இருந்தால், ஜனவரியும் பிப்ரவரியும்தான் சரியான மாதங்கள். சப்போரோவில் இறங்கினால், ஹொக்கைடோ பல்கலைக்கழக வளாகத்தில் முதல் செயற்கைப் பனி பிறந்த இடத்தில் அறுகோண நினைவுத்தூண் நிற்பதைப் பார்க்கலாம். அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் போனால் டோகாச்சி மலை. ஹகுகின்சோ என்ற பெயரில் தங்குமிடம் இன்றும் இயங்குகிறது. ஒன்றை மறக்கக் கூடாது. லிஃப்ட் இல்லாத மலை என்றால் காவலும் இல்லாத மலை. பனிச்சரிவு ஆபத்து நிஜமானது. அனுபவமுள்ள வழிகாட்டியும் பனிச்சரிவில் சிக்கியவரைத் தேடும் கருவிகளும் இல்லாமல் காட்டுக்குள் இறங்கக் கூடாது.

சறுக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பனி விழும்போது கறுப்புக் கையுறையை நீட்டிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றால் போதும். மேலே மூச்சு படாமல், மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். ஊசி ஊசியாக இருந்தால், அது வளர்ந்த மேகத்தில் மைனஸ் 5 டிகிரி வாக்கில் குளிர் இருந்திருக்கும். கிளைவிட்ட நட்சத்திரமாக இருந்தால் மைனஸ் 15, நல்ல ஈரம். நட்சத்திரத்தின் மேல் வெள்ளை வெள்ளையாகத் துகள்கள் ஒட்டியிருந்தால், வழியில் உறையாத நீர்த்துளிகள் நிறைந்த மேகத்தைக் கடந்து வந்திருக்கிறது.

உடைந்தது, கோணியது வந்து விழுந்தால் அதையும் தட்டிவிட வேண்டாம். நகாயா அதையும் படமெடுத்துத்தான் இந்த எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டார்.